செடோனா, 2009: ஒரு தன்முன்னேற்ற முகாமில் மூன்று மரணங்கள்

2009 அக்டோபர் 8ஆம் தேதி பிற்பகல். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் செடோனாவுக்கு அருகே ஏஞ்சல் வேலி என்ற தங்குமிடம். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் வரிசையாக ஒரு தாழ்வான கூடாரத்துக்குள் தவழ்ந்து போனார்கள். ஆளுக்கு 9,695 டாலர் கட்டி வந்தவர்கள். அன்றைய மதிப்பில் நாலரை லட்சம் ரூபாய். உள்ளே நெருப்பில் காய்ச்சிய கற்கள், அவற்றின் மேல் ஊற்றத் தண்ணீர், கும்மிருட்டு. சுமார் இரண்டு மணி நேரம் கழித்து எல்லாம் முடிந்தபோது பலர் நினைவிழந்து கிடந்தார்கள். கர்பி பிரௌன் (38), ஜேம்ஸ் ஷோர் (40) இருவரும் அன்றே இறந்தார்கள். லிஸ் நியூமன் (49) ஒன்பது நாள் கோமாவில் இருந்து அக்டோபர் 17 அன்று இறந்தார். இன்னும் சுமார் இருபது பேரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

முகாமை நடத்தியவர் ஜேம்ஸ் ஆர்தர் ரே. அப்போது அமெரிக்காவில் வேகமாக மேலே வந்துகொண்டிருந்த தன்முன்னேற்றப் பேச்சாளர்களில் ஒருவர்.

இந்த மரணங்களை விபத்து என்று சொன்னவர்கள் உண்டு. ஒரு மனிதனின் ஆணவத்தால் வந்தது என்று சொன்னவர்கள் அதைவிட அதிகம். இரண்டோடும் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கூடாரத்துக்குள் சொல்லப்பட்ட பேச்சில் புதிதாக எதுவுமே இல்லை. எல்லை என்பது மனதில்தான், பழகிய வட்டத்தை உடைத்து வெளியே வா, வலித்தால் வளர்கிறாய் என்று அர்த்தம், பாதியில் விடுகிறவன் எதிலும் ஜெயிப்பதில்லை என்பதெல்லாம் எந்த ஊர் மேடையிலும் கைதட்டு வாங்குகிற பேச்சு. அதே பேச்சை வெந்துகொண்டிருக்கும் உடம்பின் மேல் பிரயோகித்தால் என்ன ஆகும் என்பதைத்தான் செடோனாவில் பார்த்தோம். வழக்கு நடந்ததால் ஒலிப்பதிவுகளும் சாட்சியங்களும் பொதுவில் வந்தன. வேறு எந்த முகாமைப் பற்றியும் இவ்வளவு விவரம் வெளியே தெரியாது. அதனாலேயே இதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ரே வந்த வழி

ரே 1957இல் ஹொனலுலுவில் பிறந்தவர், ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சாவில் வளர்ந்தவர். அப்பா ஒரு சிறிய சர்ச்சில் போதகர். வறுமையில் கழிந்த அந்தப் பிள்ளைப் பருவத்தை மேடையில் அடிக்கடி சொல்வார். ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தில் விற்பனையிலும் பிறகு பயிற்சிப் பிரிவிலும் வேலை பார்த்தார். அப்புறம் சொந்தமாகப் பயிலரங்குகள் நடத்தத் தொடங்கினார்.

திருப்பம் 2006இல் வந்தது. ரோண்டா பைர்னின் ‘த சீக்ரெட்’ படத்தில் பேசிய ஆசான்களில் ரேவும் ஒருவர். எதை ஆழ்ந்து நினைக்கிறோமோ அதையே பிரபஞ்சம் நம்மிடம் கொண்டுவந்து சேர்க்கும் என்கிற ‘ஈர்ப்பு விதி’தான் அதன் சாரம். படமும் அதை ஒட்டி வந்த புத்தகமும் உலகம் முழுக்க விற்றன. புத்தகம் தமிழிலும் வந்து நம் ஊர்ப் புத்தகக் கண்காட்சிகளில் இன்றும் அடுக்கி வைக்கப்படுகிறது. அமெரிக்காவில் ஓப்ரா வின்ஃப்ரேயின் நிகழ்ச்சியிலும் லாரி கிங்கின் நிகழ்ச்சியிலும் ரே தோன்றினார். 2008இல் அவருடைய புத்தகம் நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் ஏறியது. கலிஃபோர்னியாவின் கார்ல்ஸ்பாடில் இருந்த அவருடைய நிறுவனம், 2009இல் இன்க் பத்திரிகையின் வேகமாக வளரும் தனியார் நிறுவனங்களின் பட்டியலில் இடம்பிடித்தது.

வியாபாரம் நடக்கும் விதம் இந்தத் துறையில் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் இலவசக் கூட்டம். அங்கே உற்சாகம் பொங்கும்போதே வாரக்கடைசிப் பயிலரங்குக்குப் பணம் கட்டச் சொல்வார்கள். பயிலரங்கின் கடைசி நாளில் அடுத்த நிலைக்கு. ஒவ்வொரு படியிலும் கட்டணமும் ஏறும், கேட்கிற அர்ப்பணிப்பும் ஏறும். ‘ஸ்பிரிச்சுவல் வாரியர்’, அதாவது ஆன்மிகப் போர்வீரன் என்ற ஐந்து நாள் முகாம் அந்த ஏணியின் மேல்படிகளில் ஒன்று. வந்தவர்களில் கணிசமானவர்கள் ரேயின் மற்றப் பயிற்சிகளை ஏற்கெனவே முடித்தவர்கள். லிஸ் நியூமன் பல ஆண்டுகளாக அவரைப் பின்பற்றி வந்தவர்.

ஈர்ப்பு விதியில் ஒரு வசதி இருக்கிறது. பலன் கிடைத்தால் விதி வேலை செய்கிறது. கிடைக்காவிட்டால் உன் எண்ணத்தில் கோளாறு. எந்த முடிவு வந்தாலும் போதனை தோற்பதே இல்லை, தோற்பது எப்போதும் கேட்டவன்தான். தோற்றவனுக்கு மருந்தாக அதே கடையில் இன்னொரு பயிற்சி இருக்கும். விற்பவரின் பொறுப்பு முழுவதையும் வாங்குகிறவர் தலையில் ஏற்றிவிடுகிற இந்த ஏற்பாடுதான், செடோனாவில் நடந்ததற்கெல்லாம் அடியில் இருப்பது.

கூடாரத்துக்கு முன்பிருந்த நாள்கள்

அந்தப் பிற்பகலை மட்டும் தனியாகப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. வந்தவர்கள் படித்தவர்கள், சொந்தத் தொழில் செய்பவர்கள், குடும்பம் நடத்துபவர்கள். பல் மருத்துவர் ஒருவர்கூட இருந்தார். இவர்கள் ஏன் அந்தச் சூட்டில் உட்கார்ந்திருந்தார்கள் என்ற கேள்விக்கு விடை முந்தைய நாள்களில் இருக்கிறது.

முதலில் மொட்டை. பழைய அடையாளத்தை விடுவதன் குறியாகத் தலைமுடியை மழித்துக்கொள்ளும்படி ஊக்கப்படுத்தினார்கள். ஆண்களும் பெண்களுமாகப் பலர் மழித்துக்கொண்டார்கள். இரவு வெகு நேரம் விழித்திருந்து தங்கள் வாழ்க்கையின் காயங்களை எழுத வேண்டும். தூக்கம் குறைந்தது. பிறகு ‘சாமுராய் கேம்’ என்றொரு விளையாட்டு. ரே இதில் கடவுள் வேடத்தில் இருந்தார். அவர் இறந்துவிட்டாய் என்று சொன்னால் அந்த இடத்திலேயே படுத்து அசையாமல், பேசாமல் கிடக்க வேண்டும். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றாலும் எழக்கூடாது என்று தாங்கள் புரிந்துகொண்டதாகப் பங்கேற்றவர்கள் பின்னால் சொன்னார்கள்.

அப்புறம் பாலைவனத்தில் தனிமை. ஒவ்வொருவரும் ஒரு சிறு வட்டம் போட்டுக்கொண்டு அதற்குள் 36 மணி நேரம் இருக்க வேண்டும். சாப்பாடு கிடையாது, தண்ணீரும் கிடையாது. அரிசோனாவின் வறண்ட காற்றில் வியர்ப்பதே தெரியாமல் உடம்பிலிருந்து நீர் போய்விடும். எட்டாம் தேதி காலையில் திரும்பி வந்தவர்களுக்குச் சிற்றுண்டி கொடுத்தார்கள். நிறையத் தண்ணீர் குடிக்கவும் சொன்னார்கள். ஆனால் ஒன்றரை நாள் வற்றிய உடம்பு சில மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடாது. வியர்வைக் குடில், அதாவது காய்ந்த கற்களின் ஆவியில் உட்கார்ந்து வியர்க்கும் அந்தக் கூடாரச் சடங்கு, என்று ஒன்று இருக்கிறது என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. முகாமில் அடுத்து என்ன என்பதை முன்கூட்டிச் சொல்லாமல் இருப்பது பயிற்சியின் ஒரு பகுதியாகவே இருந்தது. வந்ததும் கையெழுத்து வாங்கிய பொறுப்பு விலக்குப் படிவத்தில் காயமோ மரணமோ ஏற்படலாம் என்ற வாசகம் இருந்தது. அப்படிப் படிவம் வாங்குவது அங்கே வழக்கம்தான் என்பதால் யாருக்கும் அது எச்சரிக்கையாகப் படவில்லை.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முடி, தூக்கம், பேச்சு, உணவு, தண்ணீர் என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்கப் பழக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள் ‘வேண்டாம்’ என்று எழும் குரலை மீறியதற்குப் பாராட்டு கிடைத்தது. நாலு நாள் இப்படிப் போன பிறகு, ஐந்தாம் நாள் உடம்பு அடிக்கிற அபாயமணியும் மீற வேண்டிய இன்னொரு குரலாகத்தானே கேட்கும்?

உள்ளே

மரக்கிளைகளை வளைத்துக் கட்டிய சட்டம். மேலே கம்பளிகள், அதற்கும் மேலே தார்ப்பாய். சுமார் 415 சதுர அடி. நடுவிலேயே நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். நம் வீடுகளின் மூன்று படுக்கையறைகளைச் சேர்த்தால் வருகிற இடத்தில் ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் இரண்டு வட்டங்களாக, முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். நடுக்குழியில் கற்கள். ஒரே ஒரு வாசல். ரே வாசலை ஒட்டி உட்கார்ந்தார். இது சாதாரண விவரம்போலத் தெரியும். காற்று வரும் இடமும் அதுதான்.

மொத்தம் எட்டுச் சுற்றுகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ கால் மணி நேரம். சுற்று முடிந்தால் வாசல் துணியைத் தூக்குவார்கள், வெளியே நெருப்பில் கிடக்கும் புதுக் கற்களை உள்ளே தள்ளுவார்கள், மறுபடி மூடுவார்கள். ரே கற்களின் மேல் தண்ணீர் ஊற்றுவார். வெளியேற விரும்புகிறவர்கள் துணி திறந்திருக்கும்போது மட்டும், வலமாகச் சுற்றி வந்து போக வேண்டும்.

தொடங்கும் முன் ரே பேசிய பேச்சின் ஒலிப்பதிவு நீதிமன்றத்தில் ஒலித்தது. சாகப்போகிறோம் என்று உங்களுக்குத் தோன்றும், ஆனால் சாக மாட்டீர்கள். உண்மையான வீரன் மரணத்தை வென்றவன் என்பதுதான் அதன் சாரம். மனித உடம்பு தருகிற மிகக் கடைசி எச்சரிக்கை, செத்துவிடுவோம் என்ற பயம். அது வரும் என்று முன்கூட்டியே சொல்லி, வந்தால் கடந்து போ என்றும் சொல்லியாகிவிட்டது. அதற்குப் பிறகு உள்ளே இருப்பவரிடம் தற்காப்புக்கு என்ன மிச்சமிருக்கிறது?

பாதிச் சுற்றுகள் ஆவதற்குள் வாந்தி தொடங்கிவிட்டது. சிலர் தவழ்ந்து வெளியேறினார்கள். சிலரை மற்றவர்கள் இழுத்துப்போட்டார்கள். ஒருவர் நிலை தடுமாறிக் கற்குழியில் கையைச் சுட்டுக்கொண்டார். வெளியேற எழுந்தவர்களிடம் நீங்கள் இதைவிட மேலானவர் என்று ரே சொன்னதாகவும், அதைக் கேட்டுச் சிலர் மறுபடி உட்கார்ந்ததாகவும் சாட்சியங்கள் வந்தன. வாசலுக்கு நேர் எதிர்ப்பக்கம் இருந்தவர்கள் நிலைதான் மிக மோசம். ஜேம்ஸ் ஷோர் ஒரு பெண்ணை வெளியே கொண்டுவந்து சேர்த்துவிட்டு, கர்பி பிரௌனுக்கு உதவத் திரும்பவும் உள்ளே போனார். மூன்று பிள்ளைகளின் தகப்பன் அவர். அதன் பிறகு அவர் தானாக வெளியே வரவில்லை. யாரோ நினைவிழந்துவிட்டார் என்று உள்ளிருந்து குரல் வந்தபோது, இந்தச் சுற்று முடிந்ததும் பார்க்கலாம் என்று ரே சொன்னதாகச் சாட்சிகள் கூறினார்கள்.

கர்பி பிரௌன் அலைச்சறுக்கும் மலையேற்றமும் செய்தவர். திடமான உடம்பு. சுவர்களில் அலங்கார ஓவியம் தீட்டுவது அவருடைய தொழில். பலவீனமானவர்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று இதைத் தள்ளிவிட முடியாது.

வெளியேயும் முறையான மருத்துவ ஏற்பாடு இல்லை. பணம் கட்டி வந்திருந்த பங்கேற்பாளர்களில் ஒருவரான மருத்துவர்தான் முதலுதவியை முன்னின்று பார்த்தார். ரே மறுநாளே மாநிலத்தை விட்டுக் கிளம்பினார்.

“எழுந்து போயிருக்கலாமே”

இந்த வழக்கைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருகிற கேள்வி இதுதான். வாதித் தரப்புக்கு எதிராக ரேயின் வழக்கறிஞர்களும் இதையே பிடித்துக்கொண்டார்கள்: வந்தவர்கள் வயது வந்தவர்கள், கதவு பூட்டவில்லை, பலர் போகவும் செய்தார்கள்.

முதலில் உடம்பைப் பார்ப்போம். நாம் வெயிலில் பிழைப்பது வியர்வை ஆவியாவதால். காற்றில் ஈரம் நிறைந்துவிட்டால் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது, உடம்பு குளிராது. தார்ப்பாய் போட்ட கூடாரத்தில் கற்கள் மேல் தண்ணீர் ஊற்ற ஊற்ற நடப்பது அதுதான். உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஹீட் ஸ்ட்ரோக் என்கிறோம். அது முதலில் தாக்குவதில் ஒன்று மூளை. குழப்பம், தடுமாற்றம், நேரம் இடம் தெரியாமை. அதாவது ‘நான் வெளியே போக வேண்டும்’ என்று முடிவெடுக்கிற உறுப்பே முதலில் கெடுகிறது. எந்த நிமிடத்தில் ஒருவர் கட்டாயம் வெளியேற வேண்டுமோ, அந்த நிமிடத்தில் அவரால் அதை உணர முடியாது. இந்தக் காரணத்தால்தான் ராணுவப் பயிற்சியிலும் மாரத்தானிலும் ஓடுகிறவரை நம்பி விடாமல் பக்கத்தில் இன்னொருவர் கண்காணிக்கிறார். “முடிகிற வரை இருங்கள்” என்ற அறிவுரை வெப்பத்தில் அர்த்தமே இல்லாதது.

அடுத்தது மனம். 1959இல் எலியட் ஆரன்சன், ஜட்சன் மில்ஸ் இருவரும் செய்த பரிசோதனை உளவியல் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு குழுவில் சேர சங்கடமான நுழைவுச் சோதனையைத் தாண்டியவர்கள், சுலபமாகச் சேர்ந்தவர்களைவிட அந்தச் சலிப்பூட்டும் குழுவை அதிகம் மெச்சினார்கள். பட்ட கஷ்டத்துக்கு ஒரு நியாயம் வேண்டுமே. பெரும் பணம், மழித்த தலை, பட்டினி கிடந்த பாலைவன இரவு எல்லாவற்றுக்கும் பிறகு ஆறாவது சுற்றில் எழுந்து போனால், கட்டியதும் பட்டதும் வீண் என்று ஆகிவிடும். அதோடு சுற்றிலும் ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களும் நம்மைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது இருட்டில் தெரியாது.

ஆகவே சம்மதம் இருந்ததா என்றால், நுழையும்போது இருந்தது. கட்டிய பணமும் கையெழுத்தும் அந்த நேரத்துக்கானவை. பின்னால் நடந்த எதையும் அந்தக் கையெழுத்து நியாயப்படுத்திவிடாது.

முன்பே தெரிந்தவை

2005இலேயே இதே ஏஞ்சல் வேலியில் ரே நடத்திய வியர்வைக் குடிலில் ஒருவர் நினைவு தவறி மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிலும் வாந்தியும் மயக்கமும் இருந்ததாகத் தகவல்கள் வெளிவந்தன. முகாமில் அதையெல்லாம் பயிற்சி வேலை செய்வதன் அடையாளமாகவே எடுத்துக்கொண்டார்கள். எச்சரிக்கையை வெற்றியாகப் படிக்கப் பழகிய இடத்தில் எத்தனை எச்சரிக்கை வந்தும் பயனில்லை.

2009 ஜூலையில் நடந்தது இன்னும் கனமானது. சான் டியகோவில் ரேயின் செல்வம் சேர்க்கும் பயிற்சியில் வந்தவர்களை வீடற்றவர்கள்போல உடுத்தி, பணமோ போனோ அடையாள அட்டையோ இல்லாமல் நகரத்துக்குள் அனுப்பினார்கள். மினசோட்டாவிலிருந்து வந்திருந்த 46 வயதுப் பெண் ஒருவர் ஒரு வணிக வளாகத்தின் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். போலீஸ் தற்கொலை என்றது. கையில் அடையாளம் எதுவும் இல்லாததால் அவர் யாரென்று தெரியவே பல மணி நேரம் ஆனது. அதற்கும் செடோனாவுக்கும் இடையில் மூன்று மாதம்கூட இல்லை. ஒரு தொழிற்சாலையில் இப்படி ஒரு மரணம் நடந்தால் விசாரணை முடியும்வரை எந்திரத்தை நிறுத்துவார்கள். இங்கே நிறுத்தச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை.

செடோனாவுக்குச் சில நாள்கள் கழித்துப் பங்கேற்பாளர்களோடு ஒரு தொலைபேசிக் கூட்டம் நடந்தது. அருளாடி ஒருவர் அந்த இடத்துக்கு வந்ததாகவும், இறந்தவர்கள் சடங்கின்போது உடலை விட்டு வெளியேறி, அங்கே மிகவும் ஆனந்தமாக இருந்ததால் திரும்பி வர வேண்டாம் என்று முடிவெடுத்ததாகவும் அவர் சொன்னதாக அந்த அழைப்பில் ஒருவர் விவரித்தார். இது அசோசியேட்டட் பிரஸ் செய்தியாக வந்தது. வாசித்தபோது என்னால் அந்த வரியைச் சுலபமாகத் தாண்ட முடியவில்லை. உனக்கு நடப்பதெல்லாம் நீ தேர்ந்தெடுத்தது என்ற போதனையைச் சாவு வரை இழுத்துப்போனால் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். பிணத்தின் மேல்கூடப் பொறுப்பைப் போட்டாயிற்று.

வழக்கு

2010 பிப்ரவரியில் ரேயைக் கைது செய்தார்கள். ஆபத்து தெரிந்தும் அலட்சியம் செய்து மரணம் விளைவித்ததாக மூன்று குற்றச்சாட்டுகள். 2011 மார்ச்சில் கேம்ப் வெர்டேயில் நீதிபதி வாரன் டேரோ முன் விசாரணை தொடங்கியது. அரசுத் தரப்பில் யவபாய் கவுன்டி வழக்கறிஞர் ஷீலா போல்க்.

பிரேதப் பரிசோதனை, பிரௌனும் ஷோரும் ஹீட் ஸ்ட்ரோக்கால் இறந்ததாகவும் நியூமன் அதிவெப்பத்தால் உறுப்புகள் செயலிழந்து இறந்ததாகவும் சொன்னது. எதிர்த்தரப்பு, கூடாரத்தில் பூச்சிக்கொல்லி போன்ற நச்சு ஏதாவது இருந்திருக்கலாம், போலீஸ் அதைச் சரியாகச் சோதிக்கவில்லை என்று வாதாடியது. இது முழுக்க வெற்று வாதமும் இல்லை. கூடார அமைப்பைப் பற்றி ஒரு நிபுணர் எழுதிய மின்னஞ்சலை அரசுத் தரப்பு எதிர்த்தரப்புக்கு உரிய காலத்தில் தரவில்லை என்று நீதிபதியே கண்டித்தார். முந்தைய ஆண்டுச் சம்பவங்களில் பலவற்றை ஜூரி முன் வைக்கவும் அவர் அனுமதிக்கவில்லை. ஆபத்து ரேக்குத் தெரிந்தே இருந்தது என்று நிறுவ அரசுக்கு இருந்த முக்கியமான வழி அதனால் குறுகிப்போனது.

2011 ஜூன் 22 அன்று தீர்ப்பு. பெரிய குற்றச்சாட்டுகளிலிருந்து விடுதலை. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக மூன்றிலும் குற்றவாளி. அரிசோனா சட்டத்தில் இந்த இரண்டுக்கும் இடையே உள்ள கோடு, ஆபத்து தெரிந்து ஒதுக்கித் தள்ளினாரா, தெரிந்திருக்க வேண்டியதைத் தெரிந்துகொள்ளத் தவறினாரா என்பதுதான். நவம்பர் 18 அன்று மூன்று தலா இரண்டாண்டுத் தண்டனைகள், ஒரே காலத்தில் அனுபவிக்கும்படி. குடும்பங்களிடம் ரே மன்னிப்புக் கேட்டார். 2013 ஜூலையில் வெளியே வந்துவிட்டார்.

தண்டனை போதுமா என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு: மூன்று உயிருக்கு இருபது மாதம் போதாது. ஆனால் ஜூரியின் முடிவில் ஒரு உண்மை இருப்பதாகவும் நினைக்கிறேன். ரே தன் போதனையைத் தானே நம்பியிருக்கலாம். நம்பியதால்தான் கண்முன் விழுகிறவர்கள் அவர் கண்ணில் படவில்லை. அப்படியானால் அவர் பொறுப்பு குறைகிறது என்று அர்த்தமில்லை. அந்த நம்பிக்கையை அவருக்குக் கற்றுக்கொடுத்த, அதற்கு மேடை போட்ட ஒரு முழுத் துறையும் கூண்டில் ஏறாமல் தப்பியது என்றுதான் அர்த்தம்.

யாருடைய சடங்கு

வியர்வைக் குடில் வட அமெரிக்கப் பழங்குடிகளின் வழிபாடு. லக்கோட்டா மக்கள் இனிப்பி என்பார்கள். சிறிய குடில், சிலபேர், கட்டணம் கிடையாது. நடத்துகிறவர் மூத்தோரிடம் பல ஆண்டுகள் கற்று அந்த உரிமையைப் பெற்றவர். உள்ளே இருப்பவர்களின் நலனுக்கு அவரே பொறுப்பு. லக்கோட்டா பெரியவரான ஆர்வல் லுக்கிங் ஹார்ஸ் இந்த மரணங்களுக்குப் பிறகு, தங்கள் சடங்கு இப்படி விற்கப்படுவதைக் கண்டித்து அறிக்கை விட்டார். அமெரிக்க அரசோடு செய்துகொண்ட 1868ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைக் காட்டி லக்கோட்டா தரப்பிலிருந்து வழக்கும் போட்டார்கள்.

திரௌபதி அம்மன் கோயில் தீமிதி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் எளிதில் புரியும். காப்புக் கட்டி விரதம் இருப்பவரை ஊர் முழுக்கத் தெரியும். குழியின் இரண்டு பக்கமும் பிடிக்க ஆள் நிற்கும். இதே தணல் அமெரிக்கப் பயிலரங்குகளுக்குப் போனதும் தன்னம்பிக்கைக்குச் சான்றிதழாகிவிட்டது. இன்னொரு பிரபலத் தன்முன்னேற்றப் பேச்சாளரான டோனி ராபின்ஸின் நிகழ்ச்சிகளில் 2012இல் சான் ஹொசேயில் இருபது பேருக்கு மேலும், 2016இல் டல்லாஸில் முப்பது பேருக்கு மேலும் காலைச் சுட்டுக்கொண்டார்கள். தணல் வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதால் வேகமாக நடந்தால் பெரும்பாலும் சுடாது. மனவலிமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

துறையைப் பற்றி

எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட நான் தயாரில்லை. லேசான மனச்சோர்வு உள்ளவர்களுக்கு, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிப் பார்க்கும் மனச்சிகிச்சை) முறையில் எழுதப்பட்ட சுயஉதவிப் புத்தகங்கள் பயன் தருகின்றன என்று முறையான ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்தப் புத்தகங்களுக்கும் ஈர்ப்பு விதிக்கும் உள்ள வேறுபாடு, முன்னது தவறாகப் போனால் தவறு என்று கண்டுபிடிக்க வழி வைத்திருக்கிறது. பின்னதில் அந்த வழியே கிடையாது. 2009இல், செடோனா நடந்த அதே ஆண்டில், கனடாவின் ஜோஆன் வுட்டும் சக ஆய்வாளர்களும் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ‘நான் அன்புக்குரியவன்’ என்பதுபோன்ற வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, தன்மதிப்புக் குறைந்தவர்களின் மனநிலை முன்பைவிடச் சரிந்தது. தன்மதிப்பு ஏற்கெனவே இருந்தவர்களுக்குத்தான் கொஞ்சம் பலன். உதவி யாருக்கு மிக அவசியமோ அவர்களுக்கே மருந்து கெடுதல் செய்தது.

உடம்பையும் தூக்கத்தையும் கட்டுப்படுத்தி மனதை உடைப்பது ரே கண்டுபிடித்ததும் அல்ல. 1971இல் வெர்னர் எர்ஹார்ட் தொடங்கிய எஸ்ட் பயிற்சியில் மண்டபத்தில் நூற்றுக்கணக்கானவர்களை மணிக்கணக்கில் உட்காரவைத்து, கழிப்பறைக்குப் போவதையும் கட்டுப்படுத்தினார்கள். உனக்கு நடப்பதற்கெல்லாம் நீயே காரணம் என்பது அங்கேயும் மையப் பாடம். ஏழை பிறந்த இடம், நோயாளியின் மரபணு, வேலை போனவனின் பொருளாதாரம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு எண்ணத்தை மட்டும் நிறுத்துகிற இந்தப் பாடம் கொடுமையானது. கஷ்டத்தில் இருப்பவரிடம் போய், இதை வரவழைத்ததும் நீதான் என்று சொல்ல என்ன மனது வேண்டும்!

பிறகு

ரே வெளியே வந்து மறுபடி பேச்சுக்கும் பயிற்சிக்கும் திரும்பினார். 2016இல் அவரைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று வந்தது. 2025 ஜனவரியில் இறந்தார்.

கர்பி பிரௌனின் அம்மா ஜின்னி பிரௌனும் குடும்பத்தாரும் ‘சீக் சேஃப்லி’ என்ற தன்னார்வ அமைப்பைத் தொடங்கினார்கள். தன்முன்னேற்றமே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. மகள் தேடியதை அவர்கள் மதிக்கிறார்கள். பயிற்சி தருகிறவர்கள் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும் என்று கேட்கிறார்கள். தன் தகுதியைப் பற்றிப் பொய் சொல்லக்கூடாது, என்ன நடக்கப்போகிறது என்பதை மறைக்கக்கூடாது, வேண்டாம் என்கிறவரை அவமானப்படுத்தக்கூடாது, உடல் உள்ளப் பாதுகாப்புக்கு ஏற்பாடு இருக்க வேண்டும் என்கிற ரீதியில் போகின்றன அவர்கள் கேட்பவை. அந்த அக்டோபர் பிற்பகலில் இவற்றில் ஒன்றாவது கடைப்பிடிக்கப்பட்டிருந்தால் மூன்று பேரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இது தானாக முன்வந்து போடுகிற கையெழுத்துதான், சட்டம் இல்லை. 2009இல் அரிசோனாவில் காசுக்கு முடி வெட்டுவதற்கு உரிமம் வேண்டும். ஐம்பது பேரைப் பட்டினி போட்டுத் தார்ப்பாய்க் கூடாரத்துக்குள் உட்காரவைக்க எந்த உரிமமும் வேண்டாம். தன்முன்னேற்றப் பயிற்சியாளர் என்று பெயர்ப் பலகை மாட்ட இன்றைக்கும் அமெரிக்காவில் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.